விடைபெறு திருத்தம்

மாலை ஆறு மணிச் செய்தி முடிந்ததும் நாடே மணிக்கட்டில் கட்டிய மெய்மானிப் பட்டையைத் தொடும். நம்பினால் ஒரு தட்டு. நம்பாதவர்கள் சும்மா இருந்துவிடலாம். தட்டியவர்கள் ஐந்து நிமிடத்தில் பாதியைத் தாண்டாவிட்டால், தேசிய வானொலி நாற்பது நாள் தானாக ஊமையாகிவிடும். எந்தக் குரலையும் எவரும் போலி செய்ய முடிந்த காலத்தில், மெய்மானிதான் மிச்சமிருந்த ஒரே காவல்.

தலைமை இயக்குநர் மங்கையர்க்கரசிக்கு இன்று கடைசி நாள். விடைபெறுபவர், எவரும் கண்டுபிடிக்காத தம் பிழை ஒன்றை ஒலிபரப்பில் சொல்ல வேண்டும். அது மரபு.

"முன்னால இருந்தவர் கிரிக்கெட் ஸ்கோரைத் தப்பாச் சொன்னேன்னு முடிச்சார், மேடம். நீங்களும் அப்படி ஏதாவது..." என்றார் பொறியாளர் அன்வர்தீன். "நாளைக்குப் புயல். நாம ஊமையானா ஜனங்க யாரை நம்புவாங்க?"

"பொய் சொல்லிட்டு, புயல் வருது நம்புங்கன்னா எப்படிய்யா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. நாளைய புயல் எச்சரிக்கையைப் படித்தார். பிறகு சொன்னார்: "பதினோரு வருடத்துக்கு முன், புயல் ஓய்வதற்குள் ஓய்ந்துவிட்டதாக, மீனவர்களின் தனி அலைவரிசையில் அறிவித்தேன். ஆழித்துறையில் அதைக் கேட்ட நாற்பத்தொரு பேரும் படகைப் பார்க்கப் போய் இறந்தார்கள். எச்சரிக்கையை மீறினார்கள் என்று பழி அவர்கள்மேல் விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை."

மெய்மானி முள் முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. மூன்று நிமிடம் போய்விட்டது. கம்பித் தொலைபேசி அலறியது. அதையும் ஒலிபரப்பில் இணைக்கச் சொன்னார் மங்கையர்க்கரசி.

"ஆழித்துறை ரோசலின் பேசுறேன். அப்ப எம் புருசன் சொல்பேச்சு கேக்காதவரு இல்லையா?"

"இல்லம்மா. என் பேச்சைக் கேட்டுத்தான் போனார்."

நாடு முழுவதும் ரோசலினின் மூச்சைக் கேட்டது.

"பதினோரு வருசம் ஆச்சாக்கும் இதச் சொல்ல?"

"ஆமாம்மா."

"நாளைக்குப் புயல் எத்தன மணிக்கு?"

"காலையில ஏழு மணிக்கு. இப்பவே கிளம்பிடுங்க."

"இருங்க. தெருவுல சொல்லிட்டு வர்றேன்."

ரிசீவரில் ஒரு கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. எந்த ஊர் நம்பித் தட்டுகிறது என்று காட்டும் சுவர் வரைபடத்தில் ஆழித்துறை ஒளிர்ந்தது. பிறகு கரை நெடுகிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக. மெய்மானி முள் மீண்டும் ஏறத் தொடங்கியது. அன்வர்தீன் தம்மையறியாமல் எழுந்து நின்றார்.