ஐந்தாவது கோடு

பலகையில் ஐந்து கோடு இருந்தது. வந்திருந்ததோ நாலே பேர்.

கண்டக்டருக்கு அது உடனே கண்ணை உறுத்தியது. இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் தலை எண்ணிப் பிழைக்கிற மனுஷர் அவர். படிக்கட்டில் தொங்குகிறவனோடு சேர்த்து அவர் சொன்னால் சொன்னதுதான். ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த குடும்பச் சுற்றுலா இது. லீவுக்கே மூன்று முறை எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. வந்த இடத்தில் ஓட்டல் ஃபேன் சுற்றவில்லை, வேன் ஒரு மணி நேரம் லேட், வலது செருப்பின் அடி வேறு பிய்ந்து ஒவ்வொரு அடிக்கும் 'டப்' என்றது. இப்போது இந்தக் கடலோரக் கோட்டையின் வாசலில் எண்ணத் தெரியாத ஒரு ஆள்.

"அண்ணே, நாங்க நாலு பேர். நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாசல்காரர் அவருடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்கேன் சார்."

"நான், என் சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க. அஞ்சாவது யாரு, உங்க மாமனாரா?"

"மதில் மேல போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு. இறங்கி வர்றப்ப ஒவ்வொண்ணா அழிப்பேன். கோடு தீர்ந்ததும் கதவைப் பூட்டிடுவேன். கூட ஒண்ணு இருந்தா எனக்குத்தான் சிரமம். குறைஞ்சா உங்களுக்கு."

"விடுங்களேன், ஒரு கோடுதானே" என்றாள் மனைவி. "லீவுலயும் செக்கிங்காப்பா?" என்று பெரியவள் சிரித்தாள். அவர் சட்டைப் பையில் பழக்க தோஷத்தில் விசிலைப் போட்டுக்கொண்டு வந்ததற்கே காலையிலிருந்து அந்தக் கிண்டல்தான்.

விட அவருக்கு மனசு வரவில்லை. எட்டி, கட்டைவிரலால் ஐந்தாவது கோட்டைத் தேய்த்து அழித்தார். விரலில் சாக்பீஸ் பொடி ஒட்டிக்கொண்டது.

வாசல்காரர் அந்த விரலைப் பார்த்தார். "அழிச்சது நீங்க. அப்புறம் நாலு பேர்தான் வெளிய வர முடியும்."

"அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்றேன்!"

மதில் மேல் பாதை வண்டி ஓட்டலாம் போல அகலமாக இருந்தது. ஒரு பக்கம் கீழே கடல் கல்லில் மோதித் திரும்பும் சத்தம், மறு பக்கம் ஓட்டுக் கூரைகளும் கொடியில் காயும் துணிகளும், எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசையும், வெயிலில் வெந்த கல்லின் வாடையோடு கலந்து வரும் அழுகிய பாசி நாற்றமும், அதற்கெல்லாம் அடியில் அவருடைய செருப்பின் டப், டப், டப். சீசன் முடிந்திருந்ததால் வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. முதல் காவல் கோபுரம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் ஓரமாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். மனைவியும் பெண்களும் வளைவில் திரும்பி மறைந்தார்கள்.

டப், டப், டப்.

செருப்பு கையில் இருந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்தது, பக்கத்தில் வந்தது, அவரைக் கடந்து, அவசரமே இல்லாமல் முன்னால் போனது. பாதையில் யாரும் இல்லை. எதிரொலி, கோட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே அதட்டிச் சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

"பாதிப் பேச்சுல எங்க போனீங்க?" மனைவியின் முகம் பளிச்சென்று இருந்தது. "நிஜமாவே அம்மா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரலாமா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

முகம் சுருங்கிவிட்டது. "ஆரம்பிச்சாச்சா? ஒரு நல்ல வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷம் நிக்காதே உங்களுக்கு."

என்ன கண்றாவி இது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு, இரண்டாவது கோபுரத்துக்குள் இருந்த குழாயைத் தேடிப் போனார். குழாய் சொட்டுச் சொட்டாக விட்டது. நிரப்பிக்கொண்டு வெளியே வந்தால் சின்னவள் மதில் திட்டில் உட்கார்ந்து நிறைந்த பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏதுடி?"

"நீதானேப்பா குடுத்தே. கால் வலிக்குதுன்னு தோள்ல கூடத் தூக்கிட்டு வந்தியே."

முதுகு வலி வந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவர் அவளைத் தூக்கியதே இல்லை.

"விளையாடாதன்னு சொல்றேன்ல!"

சத்தம் கோபுரச் சுவரில் பட்டுத் திரும்பியது. குழந்தையின் உதடு பிதுங்கியது. மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "குழந்தை மேல ஏங்க எரிஞ்சு விழறீங்க? இவ்வளவு நேரம் மனுஷனா இருந்தீங்களே, அப்படியே இருந்தா என்ன?"

"போங்க. போய்ட்டே இருங்க. நான் வரல."

அவர்கள் போனார்கள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்தில் பெரியவள் வந்து "வாப்பா, அம்மா கூப்பிடுது" என்று கையைப் பிடித்து இழுப்பாள். வீட்டில் எப்போதும் அப்படித்தான் நடக்கும். நின்றுகொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. கல்லின் சூடு ஆறி, மதிலின் நிழல் கூரைகள் மேல் ஏறியது. நமக்காக ஒரு நாதி நிற்கவில்லை பார் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது விசில் கேட்டது.

ஒரு விசில். நிறுத்து என்பதற்கு. உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்து, கடைசியில் கரகரக்கிற விசில். அவருடைய விசில்.

சட்டைப் பையைத் தடவினார். காலி.

வளைவுக்கு ஓடினார். தூரத்தில் இறங்கும் படி. அதை நோக்கிப் போகிற தலைகள். கண் தானாக எண்ணியது. மனைவி, ஒன்று. பெரியவள், இரண்டு. சின்னவள், மூன்று. அவள் உயரத்தில் இருந்தாள். ஒரு ஆளின் தோள் மேல்.

நாலு.

அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. வருஷக்கணக்காகப் பை மாட்டி இடது பக்கம் சரிந்த அதே தோள். டப், டப்.

"ஏய்! இந்தாம்மா! நில்லுங்க!"

சின்னவள் மட்டும் திரும்பினாள். அவரை நேராகப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த ஆளின் காதில் ஏதோ கேட்டாள். அவன் திரும்பவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினான். அவள் அவன் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கையிலிருந்த செருப்பை எறிந்துவிட்டு ஓடினார். கல் காலைக் கிழித்தது. படி. இருட்டு. இன்னும் படி. கீழே இரும்பு இழுபடும் சத்தம். பூட்டு.

கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணே! திறங்க! நான் இன்னும் உள்ள இருக்கேன்!"

வாசல்காரர் பலகையை எடுத்து அவர் பக்கம் திருப்பினார். துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"கோடு இல்லையே சார்." குரலில் கோபமே இல்லை; பாவப்பட்டுத்தான் சொன்னார். "அப்பவே சொன்னேன்."

"தப்புதான்! அஞ்சுதான்! அஞ்சுன்னு போடுங்க!"

வாசல்காரர் ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கம்பியைப் பற்றியிருந்த கண்டக்டரின் கட்டைவிரல் இன்னும் வெள்ளையாக இருந்தது.

வெளியே வேன் நின்றது. அவன் கதவருகே நின்று, விரலை நீட்டி, உள்ளே தலைகளை எண்ணினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. தன்னைச் சேர்க்கவில்லை. அவரும் எப்போதும் தன்னைச் சேர்ப்பதில்லை. மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம்! சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கோட்டை வாசலைப் பார்த்தாள்.

"என்னங்க, அங்க யாரோ கத்தற மாதிரி இல்ல?"

"காத்தும்மா" என்றான் அவன், அவருடைய குரலில், அவர் இதுவரை பேசாத அன்போடு.

இரண்டு விசில். வண்டி நகர்ந்தது.

பின்னால், படியின் இருட்டில், ஒரு காலடி. அதற்கு மேல் இன்னொன்று. செருப்புக் கால், வெறுங்கால், பூட்ஸ் கால், ஒரு குழந்தையின் கால், மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, அவரை நோக்கி இறங்கி வந்தன. அவர் திரும்பவில்லை. கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

நாற்பதைத் தாண்டியதும், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, எண்ணிக்கை விட்டுப்போனது. காலடிகள் நிற்கவில்லை.