வைகாசியில் மூடிய உப்பு

மழை இல்லாத வைகாசியில் உப்புக் குவியலுக்கு யாரும் கீற்று போட மாட்டார்கள். ஆனால் மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளை வெயிலில் உப்பள வரப்பு மேலேயே நடந்து வந்த அருள்மேரியின் கண்ணில், வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பாத்தியோரம், கீற்று போட்டு மூடிய ஒரு குவியல் பட்டது. நேற்று அது அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் அப்பா உப்பைத் தொடுகிறவரும் இல்லை.

பின்னறை திறந்து கிடந்தது. ஏழு வருஷமாக அக்கா சந்தனமேரியைப் பூட்டி வைத்திருந்த அறை. பினாயில் வாடைக்கு அடியில் அக்காவின் தலை வாடை இன்னும் போகவில்லை. அவளுடைய அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அக்கா எங்கம்மா?"

"புதுச்சேரி சிஸ்டருங்க மடத்துல சேத்துட்டாரு உங்கப்பா. முதல் பஸ்ல போயிட்டு வந்துட்டாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா அழுவ. அழுத மூஞ்சியப் பாத்தா ஊரு கேக்கும். இன்னிக்குக் கோயில்ல உன் மூணாவது கல்யாண ஓலை படிச்சாங்களே, யாராவது எழுந்து தடை சொன்னாங்களா?"

"இல்ல."

"அது போதும்டி."

கிணற்றடியில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போய் வந்தவருக்கு முட்டிவரை உப்பு. அருள்மேரி கேட்கவில்லை. இந்த அறையால் ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது.

மத்தியானம் அனுமந்தையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தம்மாள் வந்தாள். காபியைக் கையில் வாங்கினாளே தவிர குடிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. மூத்தவளுக்கு புத்தி சரியில்லையாமே? சின்னவளுக்கும் வந்துட்டா எம்புள்ள கதி?"

"யாரு கதை கட்டிவிட்டது?" என்றாள் அம்மா. "அவ மடத்துல இருக்கா."

"அந்தப் பின்னறைய ஒருவாட்டி பாக்கலாமா?"

"தாராளமா."

பார்த்துவிட்டு வந்து, பின்வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள்.

அப்போதுதான் கேட்டது.

கறக். கறக். கறக்.

தாகம் எடுத்தால் அக்கா கதவை நகத்தால் அப்படித்தான் சுரண்டுவாள். மூன்று தடவை. ஆனால் சத்தம் அறையிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து.

"ஏம்மா திடுக்குனு பாக்கற?" ஆனந்தம்மாளின் கண் சுருங்கியது. "உனக்கு ஏதாவது கேக்குதா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா தலை தூக்கினார். மூன்று பேரும் அருள்மேரியையே பார்த்தார்கள்.

கறக். கறக்.

"இல்லீங்க அத்தை. ஒண்ணும் கேக்கல."

"அப்படிச் சொல்லு, எம் மருமவளே!"

கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை அருள்மேரியின் தலையில் வைக்க ஆனந்தம்மாள் எழுந்தாள். அவள் தோளுக்கு மேலே, பின்வாசலுக்கு வெளியே வெயில். காற்று இல்லை. கீற்று அசைந்தது. உப்பு சரிந்தது. ஒரு விரல். இன்னொன்று.

தண்ணீர் கேட்டு விரிந்த உள்ளங்கை.