பட்டியலில் மூன்றாவது

மடிக்கணினியின் விசைகள் வெதுவெதுப்பாக இருந்தன. இத்தனைக்கும் காலையில் வீட்டில் அப்போதுதான் அதைத் திறந்திருந்தாள்.

பிழை திருத்தும் வேலையில் அவள் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முன்பு அந்த இருக்கையில் இருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அவருடைய கணினியை அலுவலகம் இவள் தலையில் கட்டியது. விசைகளின் இடுக்கெல்லாம் மஞ்சள் பிசுக்கு, கடித்துத் துப்பிய நகத்துணுக்குகள். காலையிலிருந்து ஒரு கையால் அதை வழித்துக்கொண்டே மறு கையால் அச்சுப்படியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது அவள் பழக்கம். வழித்த விரல் எது, நாக்குக்குப் போன விரல் எது என்று யோசித்தபோது மதியம் தாண்டியிருந்தது.

ஆறு மணிக்குள் கோப்பு வராவிட்டால் நாளை வர வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இப்போது ஐந்தரை. வீட்டு இணையம் ஒட்டவே மாட்டேன் என்றது. கணினி வேலை தெரிந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அது இன்னும் ஆபீஸ்லயே இருக்கறதா நெனச்சிக்கிட்டிருக்கு. இடங்கள்னு ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க. அதுல வீடுன்னு ஒண்ணு சேர்த்துடுங்க."

"சேர்த்துட்டேன் தம்பி. ஆனா மூணு காட்டுது."

"ரெண்டுதானே இருக்கணும்? மூணாவது என்ன, உங்க அம்மா வீடா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகம், வீடு, உள்ளே.

"பழைய ஆளு போட்டு வச்சிருப்பாரு. அழிச்சிடுங்க. இல்லன்னா எந்த சிக்னல் கிட்ட இருக்கோ அதுக்குத் தாவிடும்."

அழித்தாள். கோப்பு பாதி போனது. பட்டியலில் அது மறுபடியும் முளைத்தது. இணைப்பு அதற்குத் தாவியது. எங்கிருந்து வருகிறது இந்த சிக்னல்? கணினியை ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போனாள். சமையலறையிலும் குளியலறையிலும் மாடிப்படியிலும் அது கொஞ்சமும் குறையவில்லை. காற்றோட்டத் துளையிலிருந்து பல நாள் துலக்காத வாயின் நெடி அவள் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

மேசையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். சிக்னல் இறங்கியது.

கிட்டே வந்தாள். ஏறியது.

வயிற்றோடு அணைத்தாள். முழுசு.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதே நெடி. இந்த முறை அவளிடமிருந்து.

நாக்கின் அடியில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள். நகத்துணுக்கு. மஞ்சள். இன்னொன்று. இன்னொன்று.

கோப்பு போய்ச் சேர்ந்தது என்றது திரை. உள்ளே.

திரை அணைந்தது. அதன் கறுப்பில் அவள் முகம், திறந்த வாய். தொண்டையின் இருட்டிலிருந்து ஈரமாக ஒரு விரல் நீண்டு வந்தது. அவசரமே இல்லாமல் அவள் நாக்கைத் தொட்டு நனைத்துக்கொண்டது, பக்கம் புரட்டப் போவதைப் போல.