வெட்டுப்படாத கயிறு

வெள்ளாற்று மணலில் அந்திச் செவ்வொளி படிந்து, ஓடுவது நீரா குருதியா என்று காண்போரை மயங்கவைத்த அந்த வேளையில், பாசறையின் மேற்கு வாயிலில் ஒரு மூங்கில் கூடையைச் சூழ்ந்து பெண்கள் நின்றிருந்தார்கள். கூடை நிறையப் போர்க்களத்தில் திரட்டிய, புலி பொறித்த வெண்கலத் தகடுகள்.

அன்புள்ள வாசகர்களே, அவற்றை அணிந்தவர்கள் வேளைக்காரப் படையினர். தலைவன் மாண்டால் தாமும் மாள்வதாகச் சபதம் செய்தவர்கள். சபதத்தன்று தகட்டைக் கோத்துத் தோளில் கட்டிய கயிற்றின் முடிச்சை உயிருள்ளவரை அவிழ்க்கலாகாது. இறந்தவன் தோளிலிருந்து அதை வாளால் வெட்டித்தான் எடுப்பார்கள். அன்று நண்பகலில் அவர்கள் தலைவரான இளவரசர் மாண்டிருந்தார்.

பூதிநங்கை கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள். கணவன் வீரட்டனின் தகட்டில், கேடயத்தின் வார் உராய்ந்து உராய்ந்து புலியின் ஒரு காது மழுங்கியிருக்கும்.

"இன்னுமா தேடுறே? எங்க வீட்டுப் புலி முதல்லயே கையில வந்து விழுந்துச்சு. உயிரோட இருந்தப்போ கூப்பிட்டா ஒரு நாளும் வந்ததில்லை" என்றாள் பக்கத்துக் கூடாரத்துக் கற்றளி. சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் கோணிப்போயிற்று.

மழுங்கிய காது விரலில் தட்டியது. எடுத்தாள். மற்றக் கயிறுகளில் முடிச்சு அப்படியே இருக்க, அருகே வாள்வெட்டு இருந்தது. இதிலோ வெட்டு இல்லை. முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்திருந்தார்கள்.

உயிரோடிருக்கிறார். அந்த மகிழ்ச்சி ஒரு மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. ஓடிவிட்டார். அச்சத்தாலா, எனக்காகவா?

சேனாபதி மழவரையர் ஒவ்வொரு கயிறாகப் பார்த்தபடி நெருங்கிக்கொண்டிருந்தார். "அவிழ்ந்த கயிறு ஒன்று இருந்தாலும் சொல்லிவிடுங்கள். விடியுமுன் அவன் தலை இங்கே வரவேண்டும். இத்தனை பேர் மாண்டதற்கு அவன் ஒருவன் இழுக்கு."

பூதிநங்கை அழுபவள்போல் மடிமேல் குனிந்தாள். பழைய மடிப்புகளின் வழியே கயிற்றை மறுபடி முடிந்தாள். வெற்றிலைப் பையிலிருந்த பாக்குவெட்டியால், முடிச்சுக்கு ஒரு விரற்கடை தள்ளி நறுக்கினாள்.

மழவரையர் வாங்கி, வெட்டுவாயைத் தடவினார். "கூரான வாள்தான்."

"அவருடையதாகவே இருக்கும் ஐயா. தினமும் தீட்டுவார்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். "உம் கணவர் தலைவரோடு மாண்டார் என்று புலிமேல் கைவைத்துச் சொல்லும், அம்மணி. சொன்னபின், அவர் பெயரைச் சொல்லி நாளை எவன் உம் வாயிலில் வந்து நின்றாலும் அவன் அயலான்."

பூதிநங்கை தகட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்தாள்.

"மாண்டார்" என்றாள்.

வளைகளை உடைக்கக் கற்றளி கல்லோடு வந்தபோது, இரு கைகளையும் தானே நீட்டினாள்.