பம்பரத்தின் வீடு

வெளியூருக்கு வேலைக்குப் போன மாமா, தன் கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் சுண்டுவின் வீட்டில் விட்டுப் போயிருந்தார். பள்ளியில் ஆற்றைப் பற்றிப் புகைப்படக் கண்காட்சி என்றதும், சுண்டுவும் அவள் அக்காவும் அவற்றைத் தூக்கிக்கொண்டு சாயங்காலங்களில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். சொல்லித்தர ஆளில்லை. தப்புத் தப்பாக எடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

குட்டை லென்ஸ் கண்ணுக்கு எட்டியதையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டது. முதல் நாள் படங்களில் ஆறு, வானம், பாலத்தோடு அக்காவின் காதும் இருந்தது.

“முதல் பரிசு என் காதுக்குத்தான்” என்றாள் அக்கா.

நீள லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்து வந்தது. ஆனால் கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிப்போனது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினால் ஆடாது என்று சுண்டு கண்டுபிடித்தாள்.

ஆறு இப்போது சாதுவாக ஓடியது. போன மழையில் அது கரையை அரித்து, ஓரத்துத் தெருவில் ஒரு வரிசை வீடுகளை அப்படியே கொண்டுபோனது. சுண்டுவின் வகுப்பில் படிக்கும் பம்பரத்தின் வீடும் அதில் போனது. எல்லாரும் வெளியே ஓடி வந்த பிறகு பம்பரத்தின் அப்பா எதையோ எடுக்கத் திரும்ப உள்ளே போனார். வெளியே வரவில்லை.

ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால்தான் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். இப்போது அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதே இல்லை.

ஒருநாள் நீள லென்ஸை அந்தத் தெருப் பக்கம் திருப்பியபோது, பம்பரமும் அவள் அம்மாவும் கரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார். யோசிப்பதற்குள் சுண்டுவின் விரல் அழுத்திவிட்டது. கன்னத்து ஈரம்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது.

இதையே கண்காட்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. அவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றாள் சுண்டு. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், பேசாமல் இரு என்று அக்கா அதட்டினாள்.

“வேண்டாம்னு சொல்வாங்கன்னு தெரிஞ்சும் எப்படிக்கா கொடுக்கிறது?”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் சுண்டு அந்தப் படத்தைப் பம்பரத்திடம் காட்டினாள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா என் முன்னாடி அழவே மாட்டாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பினப்போ அழுதிருக்காங்க. இதை யாருக்கும் காட்டாதே.”

சுண்டு கேமராவை அவள் கையிலேயே கொடுத்தாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். படம் அழிந்தது.

கேமராவைத் திருப்பித் தராமல் பம்பரம் கேட்டாள். “எங்க வீட்டை எடுக்க முடியுமா? எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல.”

வீடு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. இருந்தாலும் இருவரும் போனார்கள். நீள லென்ஸில் எடுத்தால் வெறும் செம்மண் தண்ணீர். அது எந்த ஆறாகவும் இருக்கலாம். பம்பரத்தின் முகம் வாடியது.

சுண்டு குட்டை லென்ஸை மாட்டினாள். பத்தடி பின்னால் வந்தாள். பாதியில் அறுந்து நின்ற தெரு, சாய்ந்த விளக்குக் கம்பம், எதிர்க்கரையில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் உள்ளே வந்தன. நடுவே தண்ணீர்.

பம்பரம் திரையில் விரல் வைத்தாள். “கம்பத்துக்கு நேரா எங்க வாசல். இதோ, இங்க நின்னுதான் அப்பா, ‘நீங்க போங்க, இதோ வரேன்’னு சொன்னாங்க.”

சுண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.

படத்தை அக்காதான் கடையில் அச்சுப்போட்டு வாங்கி வந்தாள். பம்பரத்தின் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அடுப்பு இருந்த இடம், ஜன்னல் இருந்த இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மகள் பக்கத்தில் இருக்கும்போதே அழுதார். பம்பரம் அவர் மடியில் சாய்ந்துகொண்டாள்.

கண்காட்சிக்கு அக்கா பாலத்தின் படத்தைக் கொடுத்தாள். பரிசு யாருக்கோ போனது.

அந்த வாரக் கடைசியில் அக்காவும் தங்கையும் கரைக்குப் போனபோது, அறுந்த தெருவில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

“பம்பரம் வீட்டுக்கு அடுத்தது எங்க வீடு. அதையும் எடுத்துத் தருவியா பாப்பா?”

“எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க தாத்தா” என்றபடி, சுண்டு குட்டை லென்ஸை மாட்டினாள்.