கழுகுகள் இறங்கும்வரை

படம் முன்னறைச் சுவரில் ஏறி ஒன்பது நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. கண்ணாடிக்கு உள்ளே, செபஸ்தியம்மாள் சாம்பல் மை வைத்து மறைத்த இடத்தில், மறுபடியும் விரல்கள் தெரிந்தன.

புருஷன் இருதயநாதனின் ஸ்டுடியோப் படங்களுக்கெல்லாம் அவள்தான் டச்சிங். மணப்பெண்ணின் அம்மைத் தழும்பு, மாப்பிள்ளையின் முன்வழுக்கை எல்லாம் அவள் தூரிகை முனையில் மறைந்துபோகும். இந்தப் படம் ரெட்டியார்சத்திரம் பக்கம், செத்த மாடுகளைப் போடும் பொட்டலில் அவன் எடுத்தது. எருமையைச் சுற்றிப் பதினோரு பிணந்தின்னிக் கழுகுகள். எருமைக்குப் பின்னால் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"காஞ்ச கட்டை. மை வச்சு அடிச்சு விட்ரு," என்றான். அடித்துவிட்டாள்.

அப்புறம் மூன்று முறை சட்டத்தைக் கழற்றி மை வைத்தாயிற்று. ஈரம் பட்டு மை கரைகிறது என்று நினைக்கப் பார்த்தாள். சித்திரை வெயிலில் ஏது ஈரம்? முதலில் ஒரு நகம்தான் தெரிந்தது. இன்று மணிக்கட்டு வரை வந்திருந்தது.

காலையில் வந்த தோல் கிடங்குக் கணக்கர் சனாவுல்லா சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏந்தங்கச்சி, கல்யாண போட்டோ மாட்டுற எடத்துல இதுகளா? பந்திக்கு முந்துற சம்பந்தி வீட்டாளுக கணக்கால்ல இருக்கு!"

"கழுகு எறங்க ஏழு மணி நேரம் காத்துக் கெடந்தாராம்ணே அவுரு."

"செத்த மாட்டுக்கா? அரை மணியில எறங்கிருமே. பக்கத்துல உசுரு அசைஞ்சாத்தான் எறங்காதுக." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கிட்டு எலும்பு பொறுக்கப் போன பொம்பள ஒருத்தியக் காணோமாம். இன்னும் தேடுறாக."

அவர் போனபின் தெரு அடங்கிவிட்டது. உச்சி வெயிலில் தகரக் கூரை ஒவ்வொரு மூலையாக முறுக்கிக்கொண்டு சத்தம் போட, இருட்டறையின் புளித்த மருந்து வாடை வீடு முழுக்கப் பரவி நிற்க, பேசிக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் அவள் அந்தப் படத்தோடு தனியாக இருந்தாள். தன் மூச்சு தனக்கே கேட்டது. பிறகு எழுந்து போய் அந்தப் படத்தின் நெகடிவ் பெட்டியை எடுத்துவந்து திறந்தாள்.

பன்னிரண்டு நெகடிவ். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதலாவது. வானம் கறுப்பு. தூரத்துப் பனைகளில் கழுகுகள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. தரையில் ஒன்றுகூட இல்லை. எருமைக்குப் பின்னால் ஒரு கை. கேமராவைப் பார்த்து உயர்ந்திருந்தது.

நாலாவது. கை உயரத்தில்தான்.

எட்டாவது. பாதி தாழ்ந்திருந்தது.

பதினொன்று. தரையில்.

பன்னிரண்டு. கழுகுகள்.

"அத எதுக்கு எடுத்த?"

வாசல்படியில் இருதயநாதன். சாப்பிட வந்திருந்தான்.

"கட்டைன்னீங்களே," என்றாள். "கட்டை கையத் தூக்குமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கில் அவளும் திரும்பினாள்.

கண்ணாடிக்குள், கழுகுகளின் முதுகுக்கு மேலே, கை எழுந்து நின்றது. உள்ளங்கை விரிந்து. விரல்கள் மெல்ல மடங்கின. விரிந்தன. மடங்கின.

"கிட்டப் போனா கழுகுக கலைஞ்சுரும்னு..." அவன் படத்திடம்தான் பேசினான். "நான் அங்க போய்ச் சேந்தப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டா. எங்கிட்ட தண்ணி இருந்துச்சு."