ஒரே பெயரில் நாற்பதாயிரம்

திரையில் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. எரியக் கூடாது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் என்று உலகத்தில் ஒருத்தனும் இல்லை.

மூட்டைக்காரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். இணையத் தளம் இன்னும் திறக்கப்படவே இல்லை. நாளைக் காலைதான் திறப்பு. உள்ளே இருக்க வேண்டியது இரண்டே பேர்: அவன், அடுத்த அறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த கத்தரி அக்கா. திரையோ மூன்று பேர் என்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம்; கீழே கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, தெருவில் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை, கணினியின் பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசியின் வாடை மட்டும் விட்டுவிட்டு மூக்கில் ஏறியது.

பழைய இணைய மன்றங்களைக் காலி செய்து புதுத் தளத்தில் குடியேற்றுவது அவன் பிழைப்பு. அதனால்தான் தொழிலில் அவனுக்கு மூட்டைக்காரன் என்ற பெயர். வீடு மாற்றுகிறவனுக்குத் தெரியும், பரணில் கிடக்கும் குப்பைதான் பாதி நாளைத் தின்னும். பழைய கார் வாங்கி விற்பவர்கள் பதினான்கு வருடமாக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட இந்த மன்றத்தில் அந்தக் குப்பை நாற்பதாயிரம் சொச்சம் பதிவுகள். எல்லாம் வெறும் மிரட்டல். எழுதியவர்களை அக்கா வெளியே தள்ளினாள், எழுதியதை மறைத்து வைத்தாள். வம்புப் பேச்சை வெட்டுவதுதான் கத்தரியின் வேலை என்பதால் மிரட்டலில் முக்கால்வாசி அவளுக்கே வந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் அழிக்க மாட்டாள். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே. ஆனால் மறைத்ததில் இரண்டை ஓரிடத்தில் வைக்கவும் மாட்டாள். ஒன்றை டயர் பகுதியில் எறிவாள், இன்னொன்றை பேட்டரிப் பகுதியில்.

"ஒவ்வொருத்தனும் தனியா கோழை, தம்பி. வாய் மட்டும்தான். சேர்த்து மட்டும் வெச்சிடாதே" என்று போன வாரமே சொல்லியிருந்தாள்.

அவன் தலையாட்டினான். தலையாட்டக் காசா பணமா? பிரித்துப் பிரித்துக் கொண்டுபோனால் மூன்று நாள் வேலை. ஆள் இல்லாத பேச்சையெல்லாம் ஒரே கணக்கில் தள்ளினால் பத்து நிமிடம். 'முன்னாள் உறுப்பினர்' என்று கடவுச்சொல்லே இல்லாத ஒரு கணக்கைத் திறந்து, நாற்பதாயிரத்தையும் அதன் தலையில் கட்டினான்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது பச்சைப் புள்ளி.

"அக்கா, வேற ஏதாச்சும் கணக்குல உள்ள போயிருக்கீங்களா?"

"என் கணக்குக்கே பாஸ்வேர்ட் மறந்துபோகுது, இதுல இன்னொண்ணா? சர்க்கரை போடவா, வேணாமா?"

"போடுங்க."

"அந்தத் தொப்பைக்கா?"

"அதுவும் உசிருதானே அக்கா."

அவள் சிரித்த சத்தமும், கரண்டி கோப்பையில் இடிக்கும் சத்தமும் வந்தன. அவன் முன்னாள் உறுப்பினரின் பட்டியலைத் திறந்தான். புதுத் தளத்தில் மன்றத்தின் முதலாளி மயங்கியது ஒரு வசதியில்தான்: ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். கேட்டது கிடைத்ததும் அதில் டிக் விழும். முடித்தவர் யார் என்று பெயரும் விழும். பட்டியலின் உச்சியில் இருந்தது பதினான்கு வருடப் பழசு.

'நீ வெளிய எப்படிப் போறேன்னு பாக்கறேன்டீ.'

கட்டத்தில் டிக் விழுந்தது. கீழே ஷட்டர் கடகடவென்று தரைவரை இறங்கி மோதியது.

காற்று என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆசைதான். ஆனால் ஜன்னல் திரைச்சீலை அசையவில்லை. அடுத்த அறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோய், அதற்குப் பதிலாக யாரோ பல பேர் ஒரே மூச்சை வாங்கி ஒரே மூச்சை விடுவதுபோல் ஒரு கனத்த சுவாசம் சுவரோடு ஒட்டி நகர்ந்தது, அதன் பின்னால் பூட்டிக் கிடந்த வண்டிக்குள் அடிக்கும் வியர்வையும் பெட்ரோலும் கலந்த நாற்றம் வந்தது.

'பல்லை உடைச்சு உன் கையிலயே தர்றேன்.'

டிக்.

கோப்பை கல்லில் மோதியது போல ஒரு சத்தம். கோப்பை இல்லை.

அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையை நீட்டியிருந்தாள், சில்லறை கொடுப்பவள் மாதிரி. அதில் அவளுடைய பற்கள் இருந்தன. தாடையிலிருந்து ரத்தம் சேலை முழுக்க வழிந்தது. வலியைவிடத் திகைப்புதான் அவள் முகத்தில் அதிகம்.

"கட்டிட்டியா?" என்றாள். வார்த்தை குழைந்து வந்தது. "எல்லாத்தையும் ஒண்ணா?"

கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தினான். உள்ளே இருக்கும் உறுப்பினரை நீக்க முடியாது என்றது தளம். மின்சார வயரைப் பிடுங்கினான். திரைதான் இருண்டது, தளம் வேறெங்கோ வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருண்ட திரைக்கு முன்னால் அக்காவின் வலது கை அவள் தலைக்கு மேல் தானாக உயர்ந்தது. மெதுவாகப் பின்னால் வளைந்தது. வளைந்துகொண்டே போனது. பச்சை மரக்கிளை முறிகிற ஓசை.

வயரைத் திரும்பச் சொருகினான். 'வெட்டின கையை முறிக்கிறேன்.' டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

பிரித்துவிட வேண்டும். கட்டியதை அவிழ்க்கும் கட்டளையைத் தட்டினான். ஓட ஆரம்பித்தது. மீதி: நான்கு மணி நேரம்.

முழங்கால். டிக். அவள் விழுந்தாள். மற்ற முழங்கால். டிக். விரல்கள், ஒவ்வொன்றாக, யாரோ ஒருவன் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக எழுதித் தொலைத்திருந்தான். அவன் ஓடிப்போய் அவளைத் தூக்கப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத எதுவோ மார்பில் உதைத்து நாற்காலியில் உட்காரவைத்தது. பார் என்பதுபோல.

பார்த்தான். பட்டியல் இறங்கியது. அப்போதுதான் கவனித்தான்.

'கொன்னுடுவேன்' என்று எழுதியவற்றில் டிக் இல்லை. ஒன்றில்கூட. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனது. அவசரம் இல்லை அதற்கு. நாற்பதாயிரம் இருக்கிறது. அவள் உயிரோடு வேண்டும்.

அக்காவும் தரையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஒரு கண்ணால். பதினான்கு வருடம் படித்த பேச்சு. எது தாண்டப்படுகிறது என்று அவளுக்கு அவன் சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி."

"அவிழ்த்துக்கிட்டிருக்கேன் அக்கா. கொஞ்சம் பொறுங்க. கொஞ்சம்..."

"எவ்வளவு நேரம்?"

மீதி நேரம் காட்டிய இடத்தை அவன் கையால் மறைத்தான்.

"அதுல ஒண்ணுல... நீயே டிக் போடு."

"அக்கா, வேணாம்."

"போடுடா." கெஞ்சுகிற குரல் அவளுக்குப் பழக்கமில்லை, அதட்டலாகத்தான் வந்தது. "தோலு... அடுத்தது தோலு. எனக்குத் தெரியும். போடு."

அடுத்த வரியைப் படித்தான். தோல்தான்.

மவுஸ் வழுக்கியது. வியர்வை. கீழே உருட்டினான். 'கொன்னுடுவேன்.' கட்டம் காலி. கண்ணை மூடினான்.

அழுத்தினான்.

சத்தம் நின்றது. சுவர்ப்பக்கத்து மூச்சும். வெகுநேரம் ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தான். டிக் விழுந்திருந்தது. முடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். திரை தூரத்தில் தெரிந்தது. மவுஸும் தூரத்தில். அவன் நாற்காலியில் இல்லை. தரையில் மண்டி போட்டிருந்தான்.

இரண்டு கையும் அக்காவின் கழுத்தில்.

எடுக்கப் பார்த்தான். வரவில்லை. அவள் கண் அவனைப் பார்த்தபடி உறைந்திருந்தது.

திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அடுத்த 'கொன்னுடுவேன்.' டிக். முடித்தவர், அவன். கை இறுகியது.

அடுத்தது. டிக். எலும்பு நொறுங்கியது.

அடுத்தது.